பெண்கள் வாக்குரிமைப் பட்டிமன்றத்துக்கு மாணவர்களைத் தயார் செய்வது எப்படி?

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்ற தலைப்பை இன்றைய பள்ளி மேடையில் அப்படியே வைத்தால், வேண்டாம் என்று பேச ஒருவரும் முன்வரமாட்டார்கள். ஆகவே முதலில் தலைப்புக்கு ஓர் ஆண்டைக் குறியுங்கள். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது 1921. பெண் என்ற காரணத்தால் வாக்குரிமையை மறுத்த விதியைச் சென்னை மாகாணச் சட்டசபை நீக்கியது அந்த ஆண்டில்தான். சொத்துத் தகுதி நீடித்ததால், தென்பெண்ணைக்குத் தெற்கே கடலூரில் சொத்துடைய சில பெண்களே வாக்காளர் ஆக முடிந்தது. ஆற்றுக்கு வடக்கே, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூரிலோ, எத்தனை காணி நிலம் வைத்திருந்த பெண்ணுக்கும் அந்த வழி திறக்கவில்லை. பிரான்சு தன் சொந்த நாட்டுப் பெண்களுக்கே 1944இல்தான் வாக்குரிமை வழங்கியது. கரும்பலகையில் ஆற்றை ஒரு கோடாக வரைந்து, இரு கரைகளிலும் இரு பெண்களை நிறுத்திக் காட்டினால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் செய்தி புரிந்துவிடும்.

தயாரிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் எதிர்ப்பு அணிக்கே ஒதுக்குங்கள். பெண்களுக்கு அறிவு போதாது என்ற ஒற்றை வாதத்தோடு அவர்களை மேடையேற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. 1889இல் இங்கிலாந்தில் வாக்குரிமைக்கு எதிரான வேண்டுகோளில் கையெழுத்திட்டவர்கள் பெண்களே, அதிலும் நன்கு படித்த பெண்கள். கல்வி, ஏழைகளின் நலன் போன்ற பணிகளில் பெண்களின் பங்கை அவர்கள் வரவேற்றார்கள். ஆனால் படையும் கப்பலும் ஆணின் உடல் வலிமையால் நடப்பவை என்பதால், அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் நாடாளுமன்றம் ஆணுக்கே உரியது என்று வாதிட்டார்கள். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்து திரும்பிய கர்சன், பெண்களுக்கு வாக்குரிமை அளித்தால் அது இந்தியாவில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு ஆங்கிலேயருக்குப் பலவீனமாகும் என்பதையும் ஒரு காரணமாக அடுக்கினார். நம் மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எதிர்ப்பு வாதங்களில் மிகக் கூர்மையானது பிரான்சில் எழுந்தது. 1919இல் கீழவை ஏற்றுக்கொண்ட பெண் வாக்குரிமையை 1922 நவம்பரில் மேலவையான செனட் தள்ளுபடி செய்தது. தேவாலயத்தின் பிடியிலிருந்து குடியரசைக் காக்கப் போராடிய முற்போக்காளர்கள், பெண்கள் பாதிரியார் காட்டும் பக்கமே வாக்களிப்பார்கள் என்று அஞ்சி எதிராக நின்றார்கள். ஒருமுறை இந்த வாதத்தை நான் ஒரு மாணவியிடம் கொடுத்தபோது, "நான் இத நம்பவே இல்ல மிஸ், எப்படிப் பேசுறது?" என்று கண் கலங்கினாள். ஒரு சிறு அட்டையில் "இன்று 1922. நான் ஒரு செனட்டர்" என்று எழுதி அவள் கையில் தந்தேன். அந்த இரண்டு வரிகளைச் சொல்லித் தொடங்கிய பிறகு அவள் குரல் தடுமாறவில்லை. எதிர்ப்பு அணியில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அட்டை கொடுங்கள்.

ஆதரவு அணியின் பதில்கள் எதிர்வாதத்தின் மேல் நேராக விழ வேண்டும். கர்ப்பமும் உடல் உபாதையும் தடை என்றால், குளிர்காலம்தோறும் மூட்டு வாதத்தால் முடங்கும் ஆண்களின் உரிமையை ஏன் பறிக்கவில்லை என்று 1790இலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோந்தோர்சே கேட்டார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் வேண்டும் என்று 1791இல் எழுதிய பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலாம்ப் தெ கூஜ், இரண்டே ஆண்டுகளில் தலைவெட்டும் கருவியான கில்லட்டினில் உயிரிழந்தார். நம் பக்கத்தில், 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்ததையும், விடுதலைப் போராட்ட வீராங்கனை கடலூர் அஞ்சலை அம்மாள் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டிமன்றத்துக்கு முந்தைய வாரம், வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் அவர்கள் முதன்முதலில் வாக்களித்த கதையைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அதற்கு முன், 1951-52 பொதுத் தேர்தலின்போது வட மாநிலங்களில் பெரும்பாலும், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதை விளக்கிவிடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

நடுவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்பளிக்கத் தேவையில்லை. எதிரணியின் மிக வலுவான வாதத்தைத் திரிக்காமல் எடுத்துச் சொல்லிப் பதில் கூறிய அணிக்கே மதிப்பெண்.