வெளிநாட்டு ஏர்போர்ட்டில் மணிக்கணக்கில் காக்க வைத்துவிட்டார்களா? இழப்பீட்டைக் கேட்டு வாங்குவது இப்படித்தான்

விமானம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் லேட்டாகி முன்பின் தெரியாத ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலானோர் செய்வது இரண்டுதான்: கவுன்ட்டரில் போய்ச் சத்தம் போடுவார்கள், ஊர் வந்து சேர்ந்ததும் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாலும் காசு வராது. கவுன்ட்டரில் நிற்பவருக்கு இழப்பீடு கொடுக்கும் அதிகாரமே கிடையாது, பல ஊர்களில் அவர் அந்த ஏர்லைனின் ஆளே இல்லை, ஒப்பந்தக் கம்பெனியின் ஊழியர். பணம் வருமா வராதா என்பது உங்கள் பயணத்துக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது, அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் என்னென்ன ஆதாரம் சேர்த்து வைத்தீர்கள் என்ற இரண்டைப் பொறுத்தது. சட்டத்தை வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆதாரத்தை அங்கேயே எடுக்காவிட்டால் போனது போனதுதான்.

அதனால் முதலில் ஏர்போர்ட்டில் செய்ய வேண்டியது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், மொபைலில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், சில ஆப்களில் விமானம் கிளம்பியதும் அது காணாமல் போய்விடும். விமான எண்ணும் புதிய நேரமும் தெரிகிற மாதிரி அறிவிப்புப் பலகையை அவ்வப்போது ஒரு போட்டோ எடுங்கள். லேட்டுக்கு என்ன காரணம் என்று கேளுங்கள், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் ஏர்லைனின் சாட்டிலோ மெயிலிலோ அதே கேள்வியைக் கேட்டு வைத்தால் பதில் எழுத்தில்தானே வரும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அன்றைக்கு ‘டெக்னிக்கல் பிராப்ளம்’ என்று சொன்னவர்கள் ஒரு மாதம் கழித்து ‘வானிலை’ என்று எழுதுவது உண்டு, அப்போது அன்றைய மெசேஜ்தான் உங்களைக் காப்பாற்றும்.

விமானம் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஐரோப்பியச் சட்டப்படி வந்து சேர்ந்த நேரம் என்றால் சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்று விடும் நேரம். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இழப்பீடு கிடைக்க 3 மணி நேர லேட் வேண்டும். தரையிறங்கியது 2 மணி 52 நிமிட லேட், கதவு திறந்தது 3 மணி 4 நிமிட லேட் என்றால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் மொத்தப் பணமும் இருக்கிறது. கதவு திறக்கும்போது மொபைலில் ஒரு போட்டோ, நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

சாப்பாடும் தங்குமிடமும் இழப்பீட்டோடு சேராத தனி உரிமை. ஐரோப்பிய விதியில் 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரம், 3,500 வரை 3 மணி நேரம், அதற்கு மேல் 4 மணி நேரம் லேட் என்றாலே சாப்பாடு, குடிக்க ஏதாவது, இரண்டு போன் அழைப்பு தர வேண்டும். மறுநாள்தான் கிளம்பும் என்றால் ஹோட்டலும், போய்வர வண்டியும். புயல், எரிமலை என்று ஏர்லைன் மேல் எந்தத் தப்பும் இல்லாவிட்டாலும் இது உண்டு. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது மாட்டிக்கொண்ட ஒரு பயணியின் வழக்கில் 2013இல் இப்படித்தான் தீர்ப்பு வந்தது. கவுன்ட்டரில் ஆளே இல்லை, வவுச்சரும் தரவில்லை என்றால் நீங்களே செலவு செய்துவிட்டுப் பிறகு கேட்கலாம். ஆனால் நியாயமான செலவாக இருக்க வேண்டும். சாதாரண ஹோட்டல், சாதாரண சாப்பாடு. பீர் பில்லைச் சேர்த்து அனுப்பி மொத்தத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்காதீர்கள். வழுவழுப்பான தாளில் அச்சாகும் பில் சில மாதங்களில் வெளுத்துப்போய் வெறும் காகிதமாகிவிடும், வாங்கின கையோடு போட்டோ எடுத்துவிடுங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் தொகை மட்டும்தான் இருக்கும், என்ன வாங்கினீர்கள் என்று இருக்காது.

விசா இல்லாமல் டிரான்சிட்டில் மாட்டியவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் ஹோட்டல் வவுச்சரால் ஒரு பயனும் இல்லை. டெர்மினலுக்கு உள்ளேயே தங்குமிடம் உண்டா, ஏர்லைன் மூலம் தற்காலிக அனுமதி வாங்கித் தருவார்களா என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று, ‘ரீஃபண்ட் வாங்கிக்கொள்கிறீர்களா’ என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 5 மணி நேரத்துக்கு மேல் லேட் என்றால் ஐரோப்பாவில் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் வாங்கிய நிமிடத்திலிருந்து உங்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் அவர்களுக்கு இல்லை. அன்றைய விலையில் வேறு டிக்கெட் எடுக்கப் போகும்போதுதான் வலிக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். உலகத்திலேயே பயணிகளுக்குச் சாதகமாக இருப்பவற்றில் முன்வரிசையில் நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, 2005 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ளது. உங்கள் குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பிய ஒன்றிய ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு ஏர்லைனாக இருந்தாலும் பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வருகிறீர்கள் என்றால் ஐரோப்பிய ஏர்லைனாக இருந்தால்தான் பொருந்தும். நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் விமானம் என்றால் உண்டு, அதே பாதையில் அமெரிக்க ஏர்லைன் என்றால் கிடையாது, திரும்பிப் போகும்போது இரண்டுக்குமே உண்டு. டிக்கெட்டில் ஒரு ஏர்லைன் பெயரும் விமானத்தின் வாலில் வேறு பெயரும் இருந்தால், விமானத்தை உண்மையில் இயக்கியவரைத்தான் பிடிக்க வேண்டும். நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்தும் இதில் சேர்த்தி.

தொகை தூரத்தைப் பொறுத்தது, டிக்கெட் விலையைப் பொறுத்தது அல்ல: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600 (ஐரோப்பாவுக்குள்ளேயே என்றால் எவ்வளவு தூரமானாலும் 400). 3,500க்கு மேற்பட்ட பயணத்தில் லேட் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையே என்றால் 600ஐ 300ஆகக் குறைக்கலாம். ஒரு வேடிக்கை, ஒழுங்குமுறையின் வாசகத்தில் லேட்டுக்குப் பணம் என்று நேரடியாக இல்லவே இல்லை, ரத்துக்குத்தான் இருந்தது; 3 மணி நேர லேட்டும் ரத்துக்குச் சமம் என்று 2009இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்த வழி திறந்தது. இந்த வரம்பை 4 மணி, 6 மணி என்று உயர்த்த உறுப்பு நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள் 2025 ஜூனில் முடிவெடுத்தார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அது சட்டமாகாது. ஆக, கடிதம் எழுதும் முன் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்ஷன் ஃபிளைட்தான் பலரும் கோட்டை விடும் இடம். ஒரே புக்கிங்கில் எடுத்த டிக்கெட் என்றால் முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே பயணமாகத்தான் கணக்கு. முதல் விமானம் நாற்பது நிமிடம்தான் லேட், ஆனால் அதனால் அடுத்த விமானம் தவறிப் போய் கடைசி ஊருக்கு ஒன்பது மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தீர்கள் என்றால் கணக்கு ஒன்பது மணி நேரம். பிராங்ஃபர்ட்டிலிருந்து துபாய் வழியாக சிங்கப்பூர் போகிறவர் துபாயில் மாட்டிக்கொண்டாலும் ஐரோப்பிய விதி பொருந்தும், ஏனென்றால் பயணம் தொடங்கியது ஐரோப்பாவில். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, இரண்டாவது ஏர்லைன் உங்களை ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

பிரிட்டன் இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது, தொகை 220, 350, 520 பவுண்டு. கனடாவில் பெரிய ஏர்லைன் என்றால் 3 மணி நேரத்துக்கு 400, 6 மணிக்கு 700, 9 மணிக்கு மேல் 1,000 கனேடிய டாலர். ஆனால் லேட் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும் பாதுகாப்புக் காரணம் இல்லாததாகவும் இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் லேட்டுக்கு என்று கட்டாய இழப்பீடு கிடையாது, சர்வதேசப் பயணத்தில் விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் லேட்டாகி நீங்கள் பயணம் செய்யாமல் விட்டால் ரீஃபண்ட் மட்டும் உண்டு. இந்தியாவிலும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி லேட்டுக்கு ரொக்கம் இல்லை. சாப்பாடு, நீண்ட லேட்டுக்கு ஹோட்டல், 6 மணி தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழு ரீஃபண்ட், அவ்வளவுதான்.

இதில் எதுவுமே பொருந்தாதவர்களுக்கு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. பெரும்பாலான சர்வதேசப் பயணங்கள் இதற்குள் வந்துவிடும். ஆனால் இது மணிக்கு இவ்வளவு என்று தரும் ஒப்பந்தம் இல்லை, லேட்டால் உண்மையில் கையை விட்டுப்போன பணத்தைத்தான் கேட்கலாம்: வீணான ஹோட்டல் முன்பதிவு, புதிதாக எடுத்த டிக்கெட், டாக்சி. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர், அதாவது ஐஎம்எஃப் கணக்கு அலகு, அமெரிக்க டாலரில் எட்டாயிரத்துக்கு மேல் வரும். லேட்டைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று ஏர்லைன் நிரூபித்தால் தப்பித்துவிடும். இதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு, அது வழக்குப் போடுவதற்கான கெடு, மெயில் அனுப்பியதாலேயே அது நின்றுவிடாது.

இனி சண்டையின் மையத்துக்கு வருவோம். ஐரோப்பிய விதியில் ஏர்லைன் தப்பிக்க ஒரே வாசல் ‘அசாதாரணச் சூழ்நிலை’. மோசமான வானிலை, விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் தடை, பாதுகாப்பு மிரட்டல், பறவை மோதுவது இவையெல்லாம் அதில் சேரும். வழக்கமான இயந்திரக் கோளாறு சேராது, சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தமும் பொதுவாகச் சேராது. நிரூபிக்கும் பொறுப்பு ஏர்லைனுடையது. ஆனாலும் நீங்கள் கொஞ்சம் துப்பறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபிளைட்ரேடார்24 மாதிரி தளத்தில் விமானத்தின் பதிவு எண்ணை வைத்து அன்று அது எங்கெங்கே இருந்தது என்று பாருங்கள். ‘இங்கே மூடுபனி’ என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதே நேரத்தில் அதே ஓடுபாதையிலிருந்து மற்ற விமானங்கள் வரிசையாகப் பறந்திருக்கின்றன, உங்கள் விமானமோ முந்தின ஊரிலேயே கிடந்திருக்கிறது என்றால் அந்த விளக்கம் நிற்காது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், சில நாட்கள் போனால் பழைய தகவலைப் பார்க்கவே பணம் கேட்பார்கள்.

கடிதத்தில் கதை வேண்டாம். குழந்தை அழுதது, நாற்காலியில் தூங்கினோம் என்பதெல்லாம் உண்மைதான், படிப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஏர்லைன் தளத்தில் இருக்கும் படிவத்தின் வழியே அனுப்புங்கள், எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

“புக்கிங் எண், விமான எண், தேதி, பயணிகள் பெயர்கள் இவை. கடைசி ஊருக்கு வந்து சேர வேண்டிய நேரம் இது, கதவு திறந்த நேரம் இது. ஒழுங்குமுறை 261/2004, ஷரத்து 7இன்படி பயணி ஒருவருக்கு இத்தனை யூரோ கேட்கிறோம். ஷரத்து 9இன்படி நீங்கள் தந்திருக்க வேண்டிய உணவுக்கும் தங்குமிடத்துக்கும் நாங்கள் செய்த செலவு இவ்வளவு, பில்கள் இணைப்பில். அசாதாரணச் சூழ்நிலை என்று மறுப்பதானால் அதற்கான ஆவணங்களை அனுப்பவும். வவுச்சர் வேண்டாம், வங்கிக் கணக்கில் செலுத்தவும்.”

வவுச்சர் பற்றிய கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய ரொக்கத்துக்குப் பதில் வவுச்சர் தர முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

முதல் பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வரும், அதுவும் யாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிய ஒரு பொதுப் பதில். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், ‘எந்த ஆவணத்தின் அடிப்படையில்’ என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் லேட் நடந்த நாட்டின் பயணிகள் உரிமை அமைப்பிடமோ, ஏர்லைன் உறுப்பினராக உள்ள சமரச அமைப்பிடமோ போகலாம். பிரிட்டனில் 8 வாரம் பொறுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கும் மேலே சிறு தொகை வழக்கு. ஐரோப்பாவுக்குள் எல்லை தாண்டிய வழக்குக்கு 5,000 யூரோ வரை எளிய நடைமுறை உண்டு. காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனியில் 3 வருடம், இங்கிலாந்தில் 6. வாங்கித் தருகிறோம் என்று வரும் கம்பெனிகள் கிடைக்கும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும், கோர்ட் வரை போனால் பாதியைக்கூட எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு கடிதத்தை நீங்களே எழுதுங்கள், வழக்குதான் வழி என்று ஆகும்போது அவர்களைக் கூப்பிடலாம்.

இதற்கு நடுவில் பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். பல பாலிசிகளில் 6 மணி அல்லது 12 மணி நேரத்துக்கு மேல் லேட் என்றால் ஒரு தொகை உண்டு, அதற்கு லேட்டை உறுதிசெய்யும் ஏர்லைன் சான்றிதழ் கேட்பார்கள், அதைப் பல ஏர்லைன்களின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பணம் தருகிறோம் என்று மெயில் வந்ததும் தொகையைச் சரிபாருங்கள். இழப்பீடு தலைக்கு இவ்வளவு என்பதால் ஒரே புக்கிங்கில் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் வர வேண்டும், டிக்கெட் எடுத்த குழந்தை உட்பட. சாப்பாடு, ஹோட்டல் செலவு அதற்குள் அடக்கம் இல்லை, தனியாக வர வேண்டும். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது’ என்று ஒரு வரி இருந்தால் இரண்டும் சேர்ந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.