பால்காரர் வீட்டுத் தேன்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில், குறிப்பாக அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம், நாலைந்து கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைய. சொசைட்டியில் ஊற்றியது போக மிச்சப் பாலை வாடிக்கை வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அவர்களில் சிலர் தென்னந்தோப்பு நிழலில் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். பால் வாங்கப் போகிற இடத்திலேயே தேனும் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கடைத் தேன் மீது நம்பிக்கை குறைந்ததற்கும் காரணம் இருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனை, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். என்ற ஆய்வகச் சோதனைக்கு உட்படுத்தி, 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. தேறியவை மூன்றுதான்.

ஆனால் தெரிந்த குடும்பத்திடம் வாங்குகிறோம் என்பதாலேயே தேன் நல்ல தேனாகிவிடாது. பாலில் அவர்களுக்கு உள்ள கைப்பழக்கம் தேனிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கோ பாலைப் பற்றித் தெரிந்த அளவு தேனைப் பற்றித் தெரியாது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து மாடு வாங்குகிற ஊர்க்காரர்கள், தேனை மட்டும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆண்டு முழுக்கத் தேன் கேட்பது

என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். மற்ற பல கெடுதல்கள் இதிலிருந்தே தொடங்குகின்றன. மாடு காலையும் மாலையும் கறக்கும். தேனீக்குப் பூ இருந்தால்தான் தேன். நம் பக்கத்தில் தை, மாசியில் மா பூக்கும். பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும் நாவலும் பூக்கும். அதன்பின் புளி. தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விட்டாலும், தேனீக் கூட்டம் உயிர்பிழைக்க அது உதவுமே தவிர, நாம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மிஞ்சாது. ஆக, மாசி முதல் ஆனி வரைதான் பெரும்பாலும் தேன் எடுக்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேனீக்கள் வெளியே போக முடியாமல் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். அவை பட்டினியில் சாகாமல் இருக்கச் சர்க்கரைப் பாகு வைப்பார்கள்.

இந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்து "இரண்டு கிலோ தேன் வேண்டும்" என்கிறார். இல்லை என்றால் முகம் வாடிப் போகிறார். அடுத்த வாரமும் கேட்கிறார். பால் வாடிக்கையும் கைநழுவிப் போய்விடுமோ என்று அந்தக் குடும்பம் அஞ்சுகிறது. மொத்த வியாபாரியிடம் டின்னில் தேன் வாங்கிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. இதில் பழி முழுவதையும் விற்பவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

நன்கு விளைந்த தேன் இறுக மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வீட்டுக்கு ஓராண்டுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு, மாசியிலேயே சொல்லி வைத்து, சித்திரை, வைகாசியில் மொத்தமாக வாங்கிக்கொள்வதே முறை. "இந்த வருடம் எங்களிடம் தேன் இல்லை" என்று சொல்லும் வீட்டை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு முதலில் அங்கே போங்கள். பெட்டிகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் இந்தியத் தேனீ, தொந்தரவு பொறுக்காமல் கூட்டோடு ஓடிவிடக்கூடிய இனம். நோயும் தாக்கும். 1991-92 வாக்கில் தென்னிந்தியாவில் பரவிய, தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய் சேக்புரூட் (Thai sacbrood) வைரஸ், இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. ஓராண்டு தேன் இல்லாமல் போவது இந்தத் தொழிலில் இயல்பான செய்திதான்.

பெட்டிகளை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. இந்தியத் தேனீ வளர்க்கும் ஒரு பெட்டியில் ஆண்டுக்கு 8 முதல் 10 கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். இத்தாலியத் தேனீயானால் 25 முதல் 40 கிலோ வரை எதிர்பார்க்கலாம். பத்து இந்தியத் தேனீப் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 500 கிலோ விற்கிறார்கள் என்றால், மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

"சுத்தமான தேன்தானே?" என்று கேட்பது

இதற்கு "இல்லை" என்று எவரும் பதில் சொல்லப் போவதில்லை. கேள்வியை மாற்றுங்கள். "அக்கா, இந்தத் தேனை எந்த மாதம் எடுத்தீர்கள்? மழைக்காலத்தில் பாகு வைத்தீர்களா? எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். பாகு வைத்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்பவர் நம்பத்தக்கவர். பஞ்ச காலத்தில் பாகு வைப்பது தேனீயைக் காப்பாற்றும் வேலை. பூ வந்த பிறகும் பாகு வைத்து, அதையே பெட்டியின் மேலே உள்ள தேன் அறையில் நிரப்ப வைத்து எடுப்பதுதான் ஏமாற்று. "நாங்கள் பாகே வைப்பதில்லை" என்று அடித்துச் சொல்பவரிடம், கார்த்திகையில் தேனீக்கள் என்ன தின்றன என்று கேளுங்கள். கீழ் அறையில் அவற்றுக்கென்று தேனை விட்டுவைத்தோம் என்று சொன்னால் அதுவும் நியாயமான பதில்தான்.

தேன் எடுக்கும் நாளில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கூப்பிடுவார்கள். பெட்டியின் கீழ் அறையில் புழுவும் குஞ்சும் வளரும். மேல் அறையில்தான் நமக்கான தேன். மேல் அறையிலிருந்து, தேனீக்கள் அடை கட்டியிருக்கும் ஒரு மரச் சட்டத்தை உருவி எடுக்கும்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். தேனீக்கள் தேனில் உள்ள நீரை வற்றவைத்த பிறகுதான் அறுகோண அறைகளை மெல்லிய வெண்மெழுகால் மூடும். முக்கால் பங்கு அறைகள் மூடியிருந்தால் தேன் விளைந்துவிட்டது என்று பொருள். மூடாத அறைகள் ஈரமாக மின்னும். சட்டத்தைச் சாய்த்து லேசாக உதறினால் சொட்டும். அவசரப்பட்டு எடுத்த அந்தத் தேனில் நீர் அதிகம். இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கலப்படமே இல்லாத தேனும் இந்த வரம்பை மீறலாம். சில மாதங்களில் அது நுரைத்துப் புளித்துப் போகும். வாங்கியவர் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஊரெல்லாம் சொல்வார். உண்மையில் நடந்தது ஒரு வார அவசரம்.

எப்படி எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். சட்டத்தைச் சுழற்றி எடுக்கும் இயந்திரத்தில் வந்த தேன் தெளிவாக இருக்கும். அடையும் உடையாமல் பெட்டிக்குத் திரும்பும். அடையையே கையால் பிழிந்தால் மகரந்தமும் சில சமயம் புழுவின் சாறும் கலந்துவிடும். அந்தத் தேன் விரைவில் கெடும். வேலூருக்கு அருகே விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புதிதாகத் தேனீ வளர்க்கத் தொடங்கிய குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சோதனைகளை நம்புவது

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், செய்தித்தாளில் ஊறக் கூடாது, நனைத்த தீக்குச்சி எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது. இவை எல்லாமே பயனற்றவை. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில் தங்கும், தாளில் ஊறாமல் நிற்கும். ஈரம் மிகுந்த நல்ல தேன் இதே சோதனையில் தோற்கும். எறும்பு நல்ல தேனுக்கும் வரும். அரிசியிலிருந்து எடுக்கும் பாகைக் கலந்தால் சாதாரண ஆய்வகச் சோதனைகளே தடுமாறுகின்றன. ஒரு டம்ளர் தண்ணீர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

உறைந்துபோன தேனைக் கலப்படம் என்று திருப்பிக் கொடுப்பதும் இதே வகைத் தவறு. தேனில் குளுக்கோஸ் அதிகமாக இருந்தால் அது மணல்மணலாக உறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சீக்கிரமே உறையும். அங்கே வைக்கத் தேவையே இல்லை. உறைந்த பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். நுரையும் புளிப்பு வாடையும் மூடி திறக்கும்போது "புஸ்" என்ற சத்தமும் வந்தால் மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

லிட்டருக்கும் கிலோவுக்கும் குழம்புவது

பால்காரர் வீட்டில் வாங்கும்போது மட்டும் வருகிற சிக்கல் இது. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோதான். அந்தப் பழக்கத்தில் தேனையும் பால் அளக்கும் குவளையிலேயே அளந்து ஊற்றுகிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை. அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 700 கிராம் தேன் இருக்கும். 750 மில்லி பாட்டிலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வீட்டில் லிட்டர் விலையும் இன்னொரு வீட்டில் கிலோ விலையும் கேட்டு, எது மலிவு என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். சில நேரம் வாங்குபவர் ஏமாறுகிறார். பல நேரம், கிலோ விலைக்கு லிட்டர் கணக்கில் ஊற்றிக் கொடுத்து அந்தக் குடும்பமே நட்டப்படுகிறது. தெரிந்தால் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

எடை வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். லிட்டருக்கு 1.4 கிலோவிலிருந்து வெகுவாகக் குறைந்தால் நீர் அதிகம். எடை சரியாக இருந்தால் கலப்படம் இல்லை என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

மாட்டுக் கொட்டகையைக் கவனிக்காமல் விடுவது

மாட்டுக்கு உண்ணி மருந்து தெளிக்காத வீடு இருக்காது. அதில் பயன்படும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை தேனீக்களுக்குக் கடும் விஷம். பெட்டியைக் கொட்டகையோடு ஒட்டி வைத்திருக்கிறார்களா, தள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேனீக்கள் தண்ணீருக்கு வரும். மாட்டுத் தொட்டியின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும். மருந்து கலக்கிய வாளியை அந்தத் தொட்டியில் கழுவுகிற வீட்டில் நான் தேன் வாங்க மாட்டேன். அவர்களிடம் காரணத்தையும் சொல்வேன், ஏனென்றால் பாலுக்கும் அது கேடு.

தேனில் அமிலம் உண்டு. தகர டின்னில் வைத்தால் உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே நல்லது. ஊறுகாய் பாட்டிலும் மாட்டு மருந்துப் புட்டியும் வேண்டாம். ஈரமில்லாத சுத்தமான பாட்டிலை நீங்களே கொண்டுபோனால் இந்தக் கவலை இல்லை.

பெயரைக் கேட்டு மயங்குவது

ஜவ்வாது மலை பக்கத்தில் இருப்பதால் "மலைத்தேன்" என்ற சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு. ஆனால் மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் இனம். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டியைக் காட்டி மலைத்தேன் என்று விற்றால் இரண்டில் ஒன்று பொய். மலையிலிருந்து வாங்கி வந்து விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னால் குறையில்லை. அப்படியானால் யாரிடம் வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

நாவல் தேன், முருங்கைத் தேன் என்ற பெயர்களும் அப்படியே. இந்தியத் தேனீ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை சுற்றி மேயும். பல மரங்கள் கலந்த கிராமத்தில் அதை ஒரே மரத்துக்குக் கட்டிப்போட முடியாது. நாவல் தேன் சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று சொல்லி விற்பது ஆபத்து. எந்தத் தேனிலும் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான்.

கைக்குழந்தைக்குக் கொடுப்பது

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. "நம் பால்காரர் வீட்டுத் தேன், சுத்தமானது" என்பதாலேயே துணிந்து வைப்பவர்கள் உண்டு. சுத்தம் இங்கே காப்பாற்றாது. எந்தத் தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை ஒன்றும் செய்யாமல் போய்விடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் உறிஞ்சும் வலு குறைதல், அழுகை மெலிதல், கைகால் துவண்டுபோதல் என்று தொடங்கி மூச்சுத் திணறல் வரை போகலாம். வீட்டில் கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் அழியாது. ஒரு வயது முடியும் வரை ஒரு துளியும் வேண்டாம். பாட்டி வற்புறுத்தினாலும் வேண்டாம். தெரியாமல் கொடுத்திருந்து, மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று தென்பட்டால்கூட உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேன் கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.