சைப்ரஸ் ஒயின் மலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வரைபடத்தில் பார்த்தால் சைப்ரஸ் சின்னத் தீவு. மொத்தமே 9,251 சதுர கிலோமீட்டர். லார்னகா விமான நிலையத்தில் கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் மேற்குக் கோடியில் இருக்கும் பாஃபோஸுக்குப் போய்விடலாம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஐந்து ஒயினரி என்று திட்டம் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இந்த அவசரத்தில்தான் முளைக்கின்றன.

அந்த ஒன்றரை மணி நேரம் கடலோர நெடுஞ்சாலையின் கணக்கு. திராட்சை விளைவது பெரும்பாலும் கடலோரத்தில் இல்லை, ட்ரூடோஸ் மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளில். வரைபடத்தில் ஒட்டினாற்போல் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு கிடக்கும். இறங்கி, வளைந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு சின்ன ஒயினரியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துப் பேசினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். மூன்றாவது, மதியச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டிருந்தால் மட்டும்.

அதைவிட நல்லது, ஒரே ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது. தெற்குக் கடற்கரை நகரமான லிமசோலுக்கு வடமேற்கே ஓமோடோஸ், கிலானி, வூனி, லோஃபு இருக்கும் பக்கம் ஒன்று. லிமசோலிலிருந்து ட்ரூடோஸுக்குப் போகும் சாலையை ஒட்டி லானியா, டோரோஸ், சிலிக்கு என்று வரும், கமாண்டரியா என்ற இனிப்பு ஒயின் செய்யும் கிராமங்கள் இன்னொன்று. இன்னும் உயரத்தில் பிட்சிலியா. பாஃபோஸில் தங்கியிருப்பவர்களுக்குக் கத்திகாஸ் பக்கம் வசதி. சுற்றுலாத்துறையே ஏழு ஒயின் வழிகளை வகுத்து வைத்திருக்கிறது. ஏழையும் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஓமோடோஸை மட்டும் பார்த்துவிட்டு 'ஒயின் கிராமம் பார்த்தாச்சு' என்று இறங்கிவிடுபவர்கள் ஏராளம். அழகான ஊர்தான். நடுவில் திருச்சிலுவை மடம், பக்கத்தில் பழைய திராட்சை ஆட்டும் கூடம், கல் பாவிய தெருக்கள், லேஸ் விற்கும் பாட்டிமார்கள். ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வந்து நிற்பதும் அங்கேதான். கொஞ்சம் தள்ளி கிலானிக்கோ வூனிக்கோ போனால் கூட்டம் குறைந்துவிடும்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவது அடுத்தது. பல ஒயினரிகள் குடும்பம் நடத்துபவை. தோட்டத்தைப் பார்ப்பவர், பீப்பாயைப் பார்ப்பவர், உங்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள். ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை அறுவடைக் காலம் என்பதால் அப்போது இது இன்னும் முக்கியம். ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள், நாடே விடுமுறையில் இருக்கும். என்னைக் கேட்டால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசிக்கு மேல் போகலாம். ஜூலை வெயிலில் மதியம் சிவப்பு ஒயினை ருசிபார்ப்பது ருசிபார்ப்பதே இல்லை.

காரும் கண்ணாடிக் குவளையும்

சைப்ரஸில் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன பழக்கம். அதனால் நம்மவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு அங்கே உள்ள வரம்பு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். இந்தியாவில் 30. 'இங்கே கொஞ்சம் தாராளம்தான்' என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். இரண்டு இடங்களில் ஆளுக்கு ஐந்தைந்து ஒயின் விழுங்கினால் அந்த 50 எங்கேயோ போய்விடும். அப்புறம் அந்த மலை வளைவுகள். ஒருவர் குடிக்காமல் ஓட்டட்டும், அல்லது நாள் வாடகைக்கு டாக்ஸி எடுங்கள். அந்த ஒயின் கிராமத்திலேயே இரவு தங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

பாஃபோஸில் டயோனிசஸ் மாளிகை என்று ஒரு ரோமானியர் காலத்து வீடு இருக்கிறது. தரையெல்லாம் மொசைக் ஓவியம். அதில் ஒன்றில் இரண்டு பேர் போதையில் சரிந்து கிடக்கிறார்கள். பக்கத்திலேயே கிரேக்க எழுத்தில் 'ஒயினை முதன்முதலில் குடித்தவர்கள்' என்று எழுதியிருக்கிறது. கதைப்படி, டயோனிசஸ் கடவுள் இகாரியோஸுக்கு ஒயின் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். இகாரியோஸ் அதை மேய்ப்பர்களுக்குக் கொடுக்கிறார். போதை என்றால் என்னவென்றே தெரியாத அவர்கள், நமக்கு விஷம் வைத்துவிட்டான் என்று அவரையே கொன்றுவிடுகிறார்கள். ஒயின் பயணத்தில் வந்தவர்கள் இந்த மொசைக்கைப் பார்க்காமல் கடற்கரைக்கு ஓடுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ருசிபார்க்கும்போது துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் வைப்பார்கள். நமக்கு அது கூச்சம். காசு கொடுத்ததைத் துப்புவதா, அதுவும் அடுத்தவர் முன்னால் என்று தோன்றும். துப்பினால் அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒயின் தெரிந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

கேபர்னே கேட்காதீர்கள்

எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். உட்கார்ந்ததும் கேபர்னே இருக்கிறதா, ஷிராஸ் இருக்கிறதா என்று கேட்பது. இருக்கும், நன்றாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் திராட்சை ரகங்கள் நாசிக்கிலும் விளைகின்றன. இந்தத் தீவுக்குப் போவதே சினிஸ்டெரி, மராதெஃப்டிகோ, யானூடி, ப்ரோமாரா போன்ற உள்ளூர் ரகங்களுக்காக.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலோக்செரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தது. அதற்குப் பிறகு அங்கே பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப் போட்டுத்தான் வளர்க்கிறார்கள். சைப்ரஸுக்குள் அந்தப் பூச்சி வரவில்லை. அங்கே கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன, நூறு வயது தாண்டியவையும் உண்டு. பந்தல் கிடையாது. குட்டைப் புதராகத் தனித்தனியே நிற்கும் அந்தப் பழைய கொடிகளைப் பார்த்து, பராமரிப்பில்லாத தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு நாட்டுத் திராட்சைத் தோட்டத்தில் நடந்த ஷூவைக் கழுவாமல் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவதும், ஊரில் நட்டுப் பார்க்கலாம் என்று ஒரு குச்சியை ஒடித்துப் பையில் போடுவதும் இந்தத் தீவில் சின்ன விஷயம் இல்லை.

மராதெஃப்டிகோவின் கதை தனி. ருசியில் முதல் வரிசையில் வைக்கக்கூடிய சிவப்பு ரகம், ஆனால் விவசாயியைப் படுத்தி எடுக்கும். பெரும்பாலான ஒயின் திராட்சைகள் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். இதன் பூ அப்படிச் செய்யாது. பக்கத்தில் அதே சமயம் பூக்கும் வேறு ரகம் வேண்டும். அதற்காகவே ஸ்பூர்டிகோ போன்றவற்றை நடுநடுவே வைப்பார்கள். அந்த நேரத்தில் மழையோ காற்றோ சரியில்லை என்றால் குலையில் பாதி காய் பிடிக்காது. இந்த வம்பு வேண்டாம் என்றுதான் பல காலம், தாராளமாகக் காய்க்கும் மவ்ரோவையே எங்கும் நட்டார்கள். ஆகவே மராதெஃப்டிகோ பாட்டிலின் விலையைப் பார்த்து, சுற்றுலாப் பயணி என்று ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவுக்கு வர வேண்டாம்.

சினிஸ்டெரி வெள்ளை ரகம். இதைப் பொதுவாக இளசாகவே குடிக்க வேண்டும். பழசானால் நல்லது என்ற பொதுப் பேச்சை நம்பி, நினைவுப்பொருள் கடையில் வெயில் படும் அலமாரியில் நாலு வருடமாக நிற்கும் பாட்டிலை வாங்குபவர்கள் உண்டு. ஆண்டைப் பாருங்கள். எவ்வளவு உயரத்துத் தோட்டம் என்றும் கேளுங்கள். தாழ்வான இடத்துச் சூட்டில் இதன் புளிப்பு கரைந்து சப்பென்று ஆகிவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேலே விளைந்ததில் எலுமிச்சைத் துடிப்பு நிற்கும்.

கமாண்டரியா

முதல் குவளையாகவே இதைக் கேட்டு வாங்குகிறார்கள். இனிப்பு நாக்கில் ஏறிவிட்டால் அதன் பிறகு வரும் ஒயினெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். வெள்ளை, சிவப்பு, கடைசியில் கமாண்டரியா. அதுவும் சின்னக் குவளையில், லேசாகக் குளிரவைத்து.

சினிஸ்டெரி, மவ்ரோ பழங்களை நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ வெயிலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். தண்ணீர் வற்றிச் சர்க்கரை செறிந்த சாறு நொதிக்கும்போது, ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் தானே களைத்து நின்றுவிடும். மீதிச் சர்க்கரை இனிப்பாக அப்படியே தங்கும். பிறகு ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு வருடம். இதைச் செய்ய அனுமதி பெற்றவை 14 கிராமங்கள் மட்டுமே. 'இது போர்ட் ஒயின்தானே' என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். போர்ட்டில் சாராயம் சேர்த்து நொதித்தலை நிறுத்துகிறார்கள். கமாண்டரியாவில் சேர்க்க அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. சேர்த்ததையும் சேர்க்காததையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்டம்பரில் போனால் சாலையோரத்திலேயே பழம் காய்வதைப் பார்க்கலாம். அது ஒருவருடைய வருட வருமானம், மிதிக்காமல் நின்று பாருங்கள். லிமசோலுக்கு மேற்கே கொலோசி கோட்டைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சிலுவைப் போர் காலத்து மருத்துவ வீரர் சபை இந்த வட்டாரத்தை இங்கிருந்துதான் ஆண்டது. இப்போது நிற்கும் கோபுரம் 1454இல் கட்டியது. பக்கத்து ஊர் எரிமியில் ஒயின் அருங்காட்சியகமும் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சைவம் சாப்பிடுபவர்கள் 'நிஸ்டிசிமா', அதாவது நோன்புச் சாப்பாடு, என்று கேட்டால் இறைச்சியும் பால் பொருளும் வராது. ஆனால் கணவாய், இறால் வரலாம், அங்கே நோன்புக்கு அவை ஆகும். ஹலூமி சீஸில் பல இடங்களில் பாலை உறையவைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள், கண்டிப்பானவர்கள் கேட்டுக்கொள்ளவும். குடிக்காதவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை என்று நினைப்பதும் தவறுதான். திராட்சைச் சாற்றை மாவு சேர்த்துக் காய்ச்சும் பலூசே, பாதாமை நூலில் கோத்து அதில் முக்கி முக்கிக் காயவைக்கும் சுஜூக்கோஸ் இரண்டும் இலையுதிர் காலத்தில் கிராமங்களில் கிடைக்கும். ஸிவானியா என்று குட்டிக் குவளையில் தண்ணீர் மாதிரி ஒன்று வந்தால் மட்டும் உஷார். அது வடித்த சாராயம், 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆசையில் ஆறு பாட்டில் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் முழிப்பது கடைசித் தவறு. இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு வாங்கினால் ஒன்றரை லிட்டர் ஆகிவிட்டது, மூன்றாவதை வைத்தால் வரம்பு தாண்டும். கமாண்டரியா அரை லிட்டர் பாட்டிலில் கிடைத்தால் இரண்டு பெரியதோடு அதை ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், கணக்கு சரியாக நிற்கும். தோட்டத்தில் வாங்கியதைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டியின் நடுவில், துணிக்குள் சுற்றி வையுங்கள்.