இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு ஒரு திறந்த மூல எமுலேட்டர் எழுதும் முறை

1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளியான சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், எமுலேட்டரை, அதாவது ஒரு கணினியைப் போலவே இயங்கும் நிரலை, முதல்முறை எழுதுவோருக்கு மிகவும் ஏற்ற கணினி. 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி, கணினியின் சொந்த நிரல் பதிந்துள்ள 16 கிலோபைட் ரோம், 48 கிலோபைட் ரேம், திரையையும் விசைப்பலகையையும் ஒலியையும் கவனித்துக்கொள்ளும் யுஎல்ஏ என்ற ஒற்றைச் சில்லு ஆகியவையே இயந்திரத்தின் பெரும்பகுதி.

செயலியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் செயலியின் கடிகாரத்தில் எத்தனை துடிப்பு என்று அட்டவணை போட்டு, கட்டளை முடிந்ததும் கூட்டிக்கொள்வதே எளிய வழியாகத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். பின்னர் அனைத்தையும் பிரித்து மாற்ற நேர்ந்தது. 16384 முதல் 32767 வரையுள்ள நினைவகத்தைச் செயலியும் யுஎல்ஏவும் பகிர்ந்துகொள்வதால், திரை வரையப்படும் வேளையில் அங்கே கைவைக்கும் செயலி 6, 5, 4, 3, 2, 1, 0, 0 துடிப்புகள் என்ற வரிசையில் காத்திருக்க நேரும். ஆகவே நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் ஒரே செயல்கூறின் வழியாக நடந்து, நேரமும் அங்கேயே கூடும்படி முதல் நாளிலேயே அமைத்துவிடுங்கள். காத்திருப்பைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

செயலியைச் சோதிக்க விளையாட்டுகளை நம்பாதீர்கள். செக்ஸ்டாக் (ZEXDOC), செக்ஸால் (ZEXALL) ஆகிய இரு சோதனை நிரல்கள் அதற்கென்றே இருக்கின்றன. அவை சிபிஎம் என்ற பழைய இயங்குதளத்துக்கான நிரல்கள் என்பதால் 256ஆம் முகவரியில் ஏற்றி, 5ஆம் முகவரிக்கு வரும் அழைப்புகளில் எழுத்து அச்சிடும் 2, 9 ஆகிய பணிகளை மட்டும் நிறைவேற்றினால் போதும். செக்ஸ்டாக் தேறி, செக்ஸால் தவறினால், பெரும்பாலும், கணக்குகளின் விளைவைக் குறித்துவைக்கும் கொடிப் பதிவகத்தின் 3, 5ஆம் பிட்டுகளில்தான் பிழை இருக்கும்.

அடுத்து ரோமை ஓடவிடுங்கள். அது நினைவகம் முழுவதையும் 2 என்ற எண்ணால் நிரப்பிச் சோதிக்கிறது. 2 என்பது படத்தில் பைட்டுக்கு ஒரு புள்ளியாகவும், நிறத்தில் கறுப்பின் மேல் சிவப்பாகவும் பொருள்படுவதால், திரையில் மெல்லிய சிவப்புச் செங்குத்துக் கோடுகள் ஒரு கணம் தோன்றி மறையும். அந்தக் கோடுகளைக் கண்டபின் சின்க்ளேரின் பதிப்புரிமை வரியும் வந்துவிட்டால், செயலி பெருமளவு சரியாக இயங்குகிறது என்று கொள்ளலாம்.

அந்த வரி சிதறித் தெரிந்தால் திரை முகவரியைப் பாருங்கள். 256க்கு 192 புள்ளிகள் கொண்ட படம் 6144 பைட்டுகளில் இருக்கிறது, ஆனால் வரிசையாக இல்லை: முதல் வரி 16384இல் தொடங்கினால், அதற்கு நேர்கீழே உள்ள வரி 16640இல் இருக்கும், 16416இல் இருப்பதோ ஒன்பதாவது வரி. அடுத்துள்ள 768 பைட்டுகள் நிறத்துக்கானவை. விசைப்பலகையில் அழுத்திய விசை 0, அழுத்தாதது 1 என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரை ஒருமுறை முழுதாக வரையப்படுவதற்கு, 69,888 துடிப்புகள். அதன் தொடக்கத்தில், செயலியின் வேலையை இடைநிறுத்தும் ஒரு குறுக்கீடு. திரையின் ஓரநிறத்தைச் சட்டகத்தின் இறுதியில் ஒரேயடியாகப் பூசாமல், மாறிய துடிப்பைக் குறித்துவைத்து வரைந்தால்தான் கேசட்டிலிருந்து நிரல் ஏறும்போது ஓடும் பட்டைகள் சரியாகத் தெரியும்.

நிரலை வெளியிடுமுன் உரிமத்தைத் தெளிவாக்குங்கள். ரோமின் உரிமை பின்னாளில் ஆம்ஸ்ட்ராட் வசம் சென்றது. பதிப்புரிமை வாசகத்தை மாற்றாமல் எமுலேட்டருடன் வழங்க அந்நிறுவனம் 1999இல் இசைவு தந்தது. அது திறந்த மூல உரிமம் அன்று. எனவே உங்கள் நிரல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்தாலும், ரோமைத் தனி அடைவில், தனிக் குறிப்புடன் வையுங்கள்.