முதல் முறையாகத் தெருக்கூத்து பார்க்கப் போகிறீர்களா? விடியும்வரை உட்கார ஒரு செய்முறை

சென்னையில் ஏதாவது கலைவிழாவில் இருபது நிமிடம் தெருக்கூத்து பார்த்துவிட்டு "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. அந்த இருபது நிமிடத்தில் கிடைப்பது கிரீடமும் கிறிக்கி என்கிற சுழலாட்டமும்தான். கூத்து என்பது இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி மறுநாள் பொழுது விடியும்வரை ஊர் நடுவே நடக்கும் இசை நாடகம். ஒரு ராஜா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதற்கே சில சமயம் அரைமணி நேரம் ஆகும். அந்த நிதானத்துக்குப் பழகிவிட்டால் மற்ற மேடைகள் கொஞ்சம் அவசரப்படுவதாகத் தோன்றும்.

எப்படிப் பழகுவது என்பதை வரிசையாக எழுதுகிறேன். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாரதக் கூத்தை மனதில் வைத்துத்தான் எல்லாம் சொல்கிறேன். இலங்கையில் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வேறு வகை. வட்டமான ஆடுகளம், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் என்று அது தனி உலகம். அதற்கு அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

1. ஊரையும் மாதத்தையும் பிடியுங்கள்

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள் போதும். பங்குனி முதல் ஆடி வரை எங்காவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குப் பேர்போன இடம். செய்யாறு பக்கம் புரிசை, தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பத்தின் ஊர். கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் அங்கிருந்துதான் வந்தார். 1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நகரத்து நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

இணையத்தில் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கோயில் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டியிருக்கும் திருவிழா நோட்டீஸ்தான் உங்கள் டிக்கெட். எந்தத் தேதியில் எந்தக் கதை, எந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடுகிறது என்று அதில் நாள்வாரியாக இருக்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் விசாரிக்கும்போது "ராத்திரி நாடகம் எத்தனை மணிக்குண்ணா?" என்று கேட்டால் போதும், உடனே புரிந்துகொள்வார்கள். நுழைவுக்கட்டணம் எதுவும் கிடையாது.

2. எந்த இரவு என்று தேர்ந்தெடுங்கள்

இந்தத் தேர்வில்தான் உங்கள் முதல் அனுபவம் நிற்கும் அல்லது விழும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருவிழா நாட்களில் மதியம் கோயிலருகே பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார்கள். கதை ஓரளவு நகர்ந்த பிறகு இரவுக் கூத்து தொடங்கும். வில் வளைத்துத் திரௌபதியை மணப்பது, ராஜசூய யாகம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை. எல்லாக் கோயிலிலும் எல்லாக் கதையும் இருக்காது.

அர்ச்சுனன் தபசு பெயர்பெற்றது. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடியபடியே படிப்படியாக ஏறுவார். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகவும் விபூதிக்காகவும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டியதுதான். ஆனாலும் முதல் இரவுக்கு அதை நான் சொல்லமாட்டேன். கூட்டம் நெரியும், எல்லாக் கண்ணும் மரத்தின் மேல் இருக்கும், கூத்தின் நுணுக்கம் கண்ணில் படாது.

முதல் இரவுக்கு என் சிபாரிசு கர்ண மோட்சம். பாத்திரங்கள் குறைவு, உணர்ச்சி அதிகம். கர்ணனின் மனைவி பொன்னுருவி, பிறப்புத் தெரியாதவன் என்று புருஷனை இளக்காரமாக நினைப்பவள். போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெறும் இடம் நல்ல வேஷக்காரர் இருவர் கையில் சிக்கினால் மணிக்கணக்கில் போகும், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். வட மாவட்டங்களில் துக்க வீட்டுக் காரியத்தின்போதும் இந்தக் கதையை ஆட வைப்பார்கள். அதனால் கேட்பவர்களில் பலருக்கு யாரோ ஒருவரின் சாவு நினைவோடு கலந்த பாட்டு அது. இரண்டாவது இரவுக்குத் துகிலை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற கவலையெல்லாம் சினிமாவுக்கு. இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பத்து வயதுப் பையனுக்கும் கர்ணன் சாகப்போவது தெரியும். எப்படிச் சாகப்போகிறான், சாவதற்கு முன் என்ன பாடப்போகிறான் என்பதற்குத்தான் வந்திருக்கிறார்கள். அன்றைய பகுதியை எந்த எளிய பாரத உரைநடையிலாவது ஒருமுறை படித்துவிடுங்கள். பொன்னுருவி போன்றவர்களை வடமொழிப் பாரதத்தில் தேடாதீர்கள். அவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

4. பை

பாய் அல்லது கனமான பெட்ஷீட், ஒரு போர்வை, தண்ணீர், கொசுவத்தி, டார்ச், சில்லறை நோட்டுகள். சித்திரை மாதமானாலும் விடியற்காலம் பனி இறங்கும், காதை மூட ஒரு துண்டு இருக்கட்டும். கடைசிப் பேருந்து நேரத்தை மறந்துவிடுங்கள், உங்களுக்குத் தேவை முதல் பேருந்து.

5. எட்டு மணிக்கே போய்ச் சேருங்கள்

வேஷம் கட்டும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூட வராண்டாவாகவோ துணியால் மறைத்த ஒரு மூலையாகவோ இருக்கும். ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். "வேஷம் கட்டுறதைப் பாக்கலாங்களா ஐயா?" என்றால் வேண்டாம் என்று சொல்பவர் அரிது. தனியாக ஒப்பனைக்காரர் யாரும் இருக்கமாட்டார். அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். கையளவு கண்ணாடி, முத்துவெள்ளை, அரிதாரம், மை. கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனன், துச்சாதனன் வகையறாவுக்குச் சிவப்பு என்பது பொதுவான கணக்கு, ஜமாவுக்கு ஜமா கொஞ்சம் மாறும்.

அப்புறம் கட்டைகள். கிரீடம், தோளில் நிற்கும் புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியவை. கட்டைக்கூத்து என்று சில குழுக்கள் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஒவ்வொன்றையும் கயிற்றால் உடம்போடு இழுத்துக் கட்டுவார்கள். இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அந்த மனிதர் விடியும்வரை சுழலப்போகிறார் என்பது தெரிந்தபின் பார்க்கும் ஆட்டமே வேறு. பெண் வேஷம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று ஆட வந்தார்கள்.

6. உட்காரும் இடம்

களத்தின் பின்பக்கம் பெஞ்சு போட்டு ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், தாளம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். நேர் எதிரே முதல் வரிசை குழந்தைகளுக்கு உரியது, தூங்கி வழிந்தாலும் விட்டுத்தரமாட்டார்கள். பக்கவாட்டில், முகவீணைக்காரரின் முகம் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். ஆடுபவரின் காலும் வாசிப்பவரின் கண்ணும் ஒரே பார்வையில் அகப்படும் இடம் அது. ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழே மட்டும் உட்கார வேண்டாம்.

7. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன கவனிப்பது

முதலில் களரி கட்டுவார்கள். வேஷம் எதுவும் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் முழங்கும். நாடகம் தொடங்கப்போகிறது என்று பக்கத்து ஊர்வரை தெரிவிக்கும் சத்தம் அது. பிறகு பிள்ளையார் துதி. அடுத்து கட்டியங்காரன் வருவான். இவனை விட்டுவிடாதீர்கள். அரசவைக்குச் சேவகன், ராணிக்குத் தோழி, தூதன், கோமாளி, உங்களுக்கும் எனக்கும் வழிகாட்டி எல்லாம் இவனே. அஸ்தினாபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவன் அப்படியே உள்ளூர் ரேஷன் கடைக்கு வந்து, திரும்ப அஸ்தினாபுரத்துக்குப் போய்விடுவான். கூத்தில் எழுதி வைக்காத பகுதி இவனுடையதுதான். அதனால் ஒரே கதையை நாலு ஊரில் பார்த்தாலும் நாலு விதமாக இருக்கும்.

அப்புறம் திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான் திரை. மேலே கிரீடத்தின் உச்சி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். உள்ளே இருப்பவர் தன்னையே படர்க்கையில் வைத்து, இன்னார் வந்தார் என்று தன் பெருமையைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். சலங்கை ஒரு தட்டுத் தட்டும், நிற்கும். பாட்டு மறுபடி ஏறும். திரை ஒரு பக்கம் சாயும், முகம் தெரியாது. புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். எடுக்காதீர்கள். திரை விலகி, அந்த ராஜா களத்தை வட்டமடித்துக் கிறிக்கி போடும்போது உங்கள் மயிர்க்கால் நிற்க வேண்டுமானால் காத்திருந்த நேரம் முழுக்க உங்கள் கண் அந்தத் துணியில் இருந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தவரிடம் கட்டியங்காரன் ஊர், பேர் விசாரிப்பான். பாடியதையெல்லாம் அவர் வசனத்தில் மறுபடி சொல்வார். ஆகவே பாட்டில் வார்த்தை பிடிபடவில்லை என்று பதற வேண்டாம். விருத்தம், தரு என்கிற பாட்டு வகைகளிலும் வசனத்திலுமாக ஒரே செய்தி இரண்டு மூன்று முறை வரும். இரண்டாவது முறை புரிந்தால் போதும்.

8. இரண்டு மணிக்குத் தூக்கம் வரும்

வரட்டும். ஒரு மணி நேரம் பாயில் சாய்ந்துகொள்ளுங்கள், ஊர்க்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். முக்கியமான இடம் வந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மா தட்டி எழுப்பிவிடுவார். கோயில் வாசலில் டீ கொதித்துக்கொண்டே இருக்கும். ஊரைப் பார்த்துக் காரில் கிளம்பிவிடுவது மட்டும் கூடாது. கதையின் உச்சத்தை விடியலுக்குத்தான் வைத்திருப்பார்கள். மூன்று மணிக்குக் கிளம்பியவர் கூத்துப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்வதில்லை.

9. சாமி வந்தால்

துகில் இரவில் பல ஊர்களில் சேலையில் கைவைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவார்கள். திரௌபதி அந்த ஊர்த் தெய்வம், அவள் சேலையைத் தொடுவது வேஷக்காரருக்கு விளையாட்டுக் காரியமில்லை. கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும், சில சமயம் வேஷக்காரருக்கே வரும். அந்த நேரத்தில் எழுந்து நில்லுங்கள், கேமராவைக் கீழே இறக்குங்கள். மற்ற நேரத்தில் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை, ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.

10. பணம் கொடுப்பது

பிடித்த பாட்டு முடிந்ததும் ஐம்பதோ நூறோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். கட்டியங்காரன் உங்கள் பெயரையும் ஊரையும் கேட்டு மைக்கில் வாழ்த்துவான். கூச்சமாக இருந்தால் உடன் வந்த குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். ஜமாவின் சம்பளத்தை ஊர்தான் பேசிக் கொடுக்கிறது. இந்த அன்பளிப்பு அதற்கு மேலே. விடிந்ததும் வாத்தியாரைப் பார்த்துத் தனியாகக் கொடுப்பதும் உண்டு. நான் இரண்டாவது வகை; மைக்கில் என் பெயரை நீட்டி முழக்கிக் கேட்கத் தெம்பில்லை.

11. கடைசி நாள் என்றால் காலையிலும் இருங்கள்

பதினெட்டாம் போர் இரவுக்குப் போயிருந்தால் விடிந்தபிறகும் வேலை இருக்கிறது. கோயிலுக்கு முன் மண்ணால் துரியோதனனைப் பல அடி நீளத்துக்குப் படுக்க வைத்த உருவமாகச் செய்திருப்பார்கள். இதுதான் படுகளம். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் அதே வேஷத்தில், வெயிலில், ஊரே சுற்றி நிற்க, அந்த மண் உடம்பின் மேலும் சுற்றியும் மோதுவார்கள். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. ராத்திரி மின்விளக்கில் பளபளத்த கிரீடத்தில் பெயர்ந்த கண்ணாடியும் வியர்வையில் வழிந்த அரிதாரமும் பகலில் அப்படியே தெரியும். அதற்காக ஒருவரும் பயபக்தியைக் குறைத்துக்கொள்வதில்லை.

12. அடுத்த தேதி

கிளம்பும் முன் வாத்தியாரிடம் அந்த ஜமா அடுத்து எந்த ஊரில் ஆடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர் ஊராக மாறுவதைவிட ஒரே ஜமாவை ஒரு சீசன் முழுக்கத் தொடர்ந்து போவது நல்லது. நேற்று கர்ணன் கட்டியவர் நாளைக்குக் கீசகனாக வருவார், மிருதங்கம் அதே கைதான். மூன்றாவது இரவிலேயே வேஷத்துக்குள் இருக்கும் ஆளைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஆடி முடிந்தால் தேதிகள் குறைந்துவிடும், வைகாசிக்குள் தொடங்கிவிடுங்கள்.