இன்ச் டேப்பில் ஆரம்பியுங்கள்: குடும்பத்தோடு முதல் வாட்டர் பார்க்

சேலத்தில் எனக்குத் தையல் கடை. பள்ளி யூனிஃபார்ம், ப்ளவுஸ், சுடிதார் என்று வண்டி ஓடுகிறது. போன கோடை விடுமுறையில் பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய், அதை ஒட்டி இருக்கிற அவர்களுடைய ரிசார்ட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், 11 வயது மகள், 6 வயது மகன், 67 வயது அத்தை. அத்தை என்றால் என் மாமியார். அதுவரை ஒகேனக்கல்லில் தலை நனைத்ததோடு சரி, இந்த மாதிரி இடத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. ஊர் திரும்பியதிலிருந்து அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுங்கள். பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து, தலைமேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளக்க வேண்டும். அங்கே குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான். நாங்கள் போனபோது 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதைத் தாண்டினால் பெரியவர் டிக்கெட். என் மகள் 142. ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு முழு டிக்கெட்டா என்று வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அதே 140தான் பெரிய சவாரிகள் பலவற்றுக்கும் வாசல்படி. மகன் 113. அவனுக்கு எதெல்லாம் கிடையாது என்பதை வீட்டிலேயே படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, அளவுக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் அழுகிற பிள்ளையைச் சமாதானம் பண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல். அறுபது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, அவர்களுடைய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

தேதி அடுத்தது. நெரிசலுக்குப் பயந்து சனி, ஞாயிறை விட்டுவிட்டு வாரநாளில் போகலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தக் கணக்கு தப்பும், பள்ளிச் சுற்றுலா பஸ் எல்லாம் வாரநாளில்தான் வரும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் வேறு. டிசம்பரில் தண்ணீரில் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் அரை மணியில் உதடு நீலமாகி நடுங்கும். ஏப்ரல், மே வெயில் இருக்கும், கூட்டமும் இருக்கும். நாங்கள் செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். பெண்கள் இன்னொரு காலண்டரையும் பார்த்துத்தான் தேதி முடிவு பண்ண வேண்டும். பணம் கட்டிய பிறகு நாள் கணக்கு போட்டுப் பிரயோஜனமில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். தண்ணீரில் இறங்க நைலான் மாதிரி செயற்கைத் துணிதான் வேண்டும், காட்டனுக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே கடை வைத்து விற்பதற்காகச் சொல்கிறார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காட்டன் தண்ணீரில் பிசிறு விடும், அந்தப் பிசிறு போய் ஃபில்டரை அடைக்கும். சாயமும் போகும். தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்குவதால் சறுக்கில் ஆளையே பிடித்து இழுக்கும். கொக்கி, ஜிப், ஜீன்ஸ் பித்தளைப் பொத்தான் எல்லாம் ஃபைபர் சறுக்கைக் கீறும், பின்னால் வருகிறவர் முதுகையும் கீறும். துப்பட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஏமாறுகிற இடம் லெக்கிங்ஸ். தொட்டால் வழுவழுவென்று இருக்கும், லேபிளைப் பார்த்தால் 95 சதவீதம் காட்டன். லேபிள் கிழிந்துபோயிருந்தால் உள் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். நைலானும் பாலியஸ்டரும் உருகி, ஆறினதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். எங்கள் வீட்டில் ஒன்பது லெக்கிங்ஸில் இரண்டுதான் கடுகானது.

வாங்குவதென்றால் பாலியஸ்டர் கலந்த லைக்ராவாக வாங்குங்கள், குளோரினுக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். வெள்ளை, வெளிர் நிறம் வேண்டவே வேண்டாம், நனைந்தால் கண்ணாடி. தைக்கத் தெரிந்தவர்கள் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால் சறுக்குமேல் உட்காரும்போதே படக்கென்று அறுந்துவிடும். அத்தைக்கு முழங்கை வரை கை வைத்து, கழுத்தை ஏற்றி, இடுப்புக்குக் கீழே தொடை மறைகிற மாதிரி ஒரு மடிப்புப் பாவாடையும் சேர்த்துத் தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சர்க்கஸ்காரி மாதிரி இருக்குதே" என்றார். ஆனால் கழற்றவில்லை.

மகனுக்கு முதலில் நீலத்தில்தான் வெட்ட இருந்தேன், கடையில் நீலத்துணி மீதி கிடந்தது. எதற்கும் பார்ப்போம் என்று மாடியில் இருக்கிற நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நீலத்தில் ஒரு துண்டு, ஆரஞ்சில் ஒரு துண்டு, கல் கட்டி அடியில் போட்டேன். தண்ணீரைக் கையால் கலக்கிவிட்டுப் பார்த்தால் நீலத்தைக் காணோம். டிரம்மின் நிறமும் துணியின் நிறமும் ஒன்றாகிவிட்டது. ஆரஞ்சு மட்டும் நெளிந்து நெளிந்து தெரிந்தது. குளத்தின் தரையும் பெரும்பாலும் நீலம்தான். அன்றைக்கே போய் ஆரஞ்சுத் துணி வாங்கிவந்தேன். பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்காதீர்கள். ஆரஞ்சு, இல்லையென்றால் பளிச்சென்ற ரோஸ்.

நகை. மெட்டி, கொலுசு, ஜிமிக்கி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியை என்ன செய்வது என்று கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் குழப்பம் இருந்தது, அத்தைதான் தீர்த்துவைத்தார். சங்கிலியை பீரோவில் வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டேன். மேல்சட்டைக்கு உள்பக்கம் நெஞ்சுக்கு நேராகச் சின்னதாக ஒரு பை தைத்து, அதற்குள் போட்டு வாயை இரண்டு தையலில் மூடிவிட்டேன். ஊக்கு குத்தாதீர்கள், சறுக்கில் அது உங்களையே குத்தும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னந்தலையில் இழுத்துக் கட்டுகிற எலாஸ்டிக் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனுக்கு வாட்டர்புரூஃப் பை என்று விற்கிறார்களே, அதில் முதலில் டிஷ்யூ பேப்பரை வைத்துப் பக்கெட்டில் ஒரு மணி நேரம் முக்கிப் பாருங்கள். நாங்கள் வாங்கிய இரண்டில் ஒன்றில் டிஷ்யூ கூழாகிவிட்டது.

சேலத்திலிருந்து தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு என்கிற சுற்றுச்சாலையில் ஏறினால் ஊருக்குள் மாட்டாமல் மைசூரு ரோட்டில் கொண்டுபோய் விடும். பூங்கா பிடதிக்கு முன்னால், பெங்களூருவிலிருந்து 28 கி.மீ. மைசூரு ரோட்டில் பக்கச் சாலையிலேயே போங்கள். வீட்டுக்காரர் நடுவில் இருக்கிற அதிவேகப் பாதையில் ஏறிவிட்டு, திரும்ப இடம் கிடைக்காமல் ரொம்ப தூரம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார். பிடதியில் தட்டு இட்லி பிரசித்தம். ஒரு தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே வெண்ணெய். அதைத் திரும்பி வரும்போது சாப்பிடுங்கள், ஏனென்று கீழே சொல்கிறேன்.

ராத்திரி தங்க வேண்டுமா? சேலத்திலிருந்து நாலரை, ஐந்து மணி நேரப் பயணம். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு, தூக்கம் சொக்குகிற ஆள் தொப்பூர் கணவாயில் இருட்டில் வண்டி ஓட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. பூங்கா 2005இல் திறந்தது, ரிசார்ட் 2012இல் வந்தது. மொத்தமே 84 அறை, அதனால் விடுமுறைக் காலத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எங்கே அறை போட்டாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஃபோனில் கேட்டுவிடுங்கள்: வாடகையில் பூங்கா டிக்கெட் சேர்த்தியா, எத்தனை நாளைக்கு? மத்தியானம் அறைக்கு வந்து படுத்துவிட்டு மறுபடி உள்ளே போகலாமா? அறை கிடைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் பெட்டியை எங்கே வைப்பது? வயதானவர்களைக் கூட்டிப்போனால் இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. ஆன்லைனில் முன்பதிவு செய்தால் டிக்கெட் கொஞ்சம் குறையும். வரிசையில் முந்திப்போகிற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் விலை கூடுதல். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். புளிசாதமும் எள்ளுப்பொடி இட்லியும் கட்டிக்கொண்டு போனோம், காரிலேயே உட்கார்ந்து பத்து மணிக்கு முடித்தோம். அதுவும் அளவாக. குலுக்கிச் சுற்றுகிற சவாரிகளையும் நிறைந்த வயிற்றையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. வெண்ணெய் தட்டு இட்லியை மூன்று சாப்பிட்டுவிட்டு தலைகீழாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் எங்களுக்குக் காட்டினார்.

பூங்கா 82 ஏக்கர். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் நடந்தே சாவீர்கள். நாங்கள் காலையில் உலர்ந்த உடம்போடு ரீகாயில் ரோலர்கோஸ்டர் மாதிரி தலைகீழ்ச் சமாச்சாரங்களை முடித்துக்கொண்டு, நண்பகலுக்கு மேல் உடை மாற்றித் தண்ணீருக்குப் போனோம். தண்ணீரில் நனைந்துவிட்டு மறுபடி உலர்ந்த சவாரிக்கு வரலாம் என்று எண்ணாதீர்கள், இரண்டு தடவை உடை மாற்றுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். சன்ஸ்கிரீனை வெயிலில் போவதற்கு அரை மணிக்கு முன்னால் தடவி, இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி தடவுங்கள். இறங்குவதற்கு முன்னால் ஷவரில் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டால் முடி குளோரினைக் குறைவாக இழுக்கும். பேதி இருக்கிற பிள்ளையைத் தயவுசெய்து கூட்டிவராதீர்கள். டிக்கெட் காசு போனால் போகிறது.

அலைக்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அலை விட்டுவிட்டு வரும், ஆரம்பிக்கும்போது சங்கு ஊதுவார்கள். சத்தம் கேட்டதும் கூட்டம் முழுக்க ஆழமான பக்கம் ஓடும். நீங்கள் அப்போது பிள்ளையோடு எதிர்ப்பக்கம், கரைக்கு வாருங்கள். மகனுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு நான் விடவில்லை. அலை இடுப்பு வரை தூக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதல் அலையில் அவன் என் கையை உருவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் முப்பது நாற்பது கால்கள், நுரை, கூச்சல். ஆரஞ்சு தெரிந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், இரண்டு இருமல், அப்புறம் சிரிப்பு. மூன்று விநாடிதான் இருக்கும். ஊதி மாட்டுகிற கைப்பலூனை நம்பாதீர்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, வாரை இழுத்துக் கட்டுங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறக் கூடாது.

ஐந்து பேர் போனால் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்போம், கடைசியில் யாரும் பார்க்க மாட்டோம். அதற்காகப் பச்சைத் துணியில் ஒரு கைப்பட்டை தைத்துக் கொண்டுபோயிருந்தேன். பட்டை யார் கையிலோ அவர் மகனை மட்டும் பார்க்க வேண்டும். ஃபோன் கிடையாது, சறுக்கு கிடையாது, அரட்டை கிடையாது. அரை மணிக்கொரு தரம் கை மாறும். அத்தை கையில் பட்டை இருந்தபோது மகன் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தான்.

அத்தைக்குச் சறுக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் முதலில் திட்டம். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து மெதுவாக மிதந்து போகிற ஓடை ஒன்று இருக்கிறது. அதில் உட்காரவைத்தோம். வளையத்தில் முதலில் பின்பக்கத்தை வைத்து, அப்புறம் காலைத் தூக்க வேண்டும், ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு சுற்றுக்கு அப்புறம் இறங்க மறுத்துவிட்டார். முழங்கால் வலிக்காரர்களுக்கு அங்கே சிரமம் படிக்கட்டுதான். ஈரத்தில் வழுக்கும், மேலே ஏறினால் இறங்கும் வழி பெரும்பாலும் சறுக்கு மட்டும்தான்.

நாலரைக்கெல்லாம் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் உடை மாற்றும் அறையில் ரேஷன் கடைக் கூட்டம். மகனுக்குக் குளிரெடுத்தபோது மழை நடனக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன், அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக விழுந்தது. ஆளுக்கு ஒரு உலர்ந்த முழுக்கைச் சட்டை தனியாக வைத்திருங்கள்.

துணியை அறைக்கு வந்ததும் சோப்புப் போடாமல் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் காயப்போட வேண்டும். குளோரின் தங்கினால் லைக்ரா இரண்டே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். வெந்நீரும் இஸ்திரியும் கூடவே கூடாது. ரிசார்ட்டில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தோம், மறுநாள் காலையில் மறுபடி ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, அந்த ஈரத்தை அப்படியே பாலித்தீன் பையில் கட்டிக் காரின் டிக்கியில் போட்டோம். வீட்டுக்கு வந்த அசதியில் இரண்டு நாள் யாரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்துவிட்டு, எலி செத்துக் கிடக்கிறது என்று ஸ்டெப்னியைக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தார்.