இந்தியாவில் வாக்காளர் பட்டியல் எப்படித் தயாராகிறது? படிப்படியாக

நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு பட்டியல். மக்களவைத் தேர்தலுக்கும் அதுவே பயன்படும். சட்ட அடிப்படை, 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

படி 1: பாகம் பிரிப்பது
தொகுதியைப் பாகங்களாகப் பிரிப்பார்கள். ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய தெருக்கள் சேர்ந்தது ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) இருப்பார், பெரும்பாலும் ஆசிரியர் அல்லது அங்கன்வாடி ஊழியர். விசாரித்து அறிக்கை தருவதோடு அவர் வேலை முடிந்தது. சேர்ப்பதும் நீக்குவதும் வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவில்தான். பி.எல்.ஓ.விடம் சண்டை போட்டுப் பயனில்லை.

படி 2: தகுதி பார்ப்பது
குடியுரிமை, 18 வயது, அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பது. வாடகை வீடானாலும் சரி; ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள், அதாவது 18 வயது நிரம்பியிருக்க வேண்டிய நாள். 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்துள்ளன. 17 வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

படி 3: விவரம் சேகரிப்பது
தீவிரத் திருத்தம் என்றால் வீடுவீடாகப் போய்ப் பட்டியலைப் புதிதாக எழுதுவார்கள். சுருக்கமுறைத் திருத்தத்தில் இருக்கிற பட்டியலில் மாற்றங்கள் மட்டும். பெயர் சரியாகப் பதிவாவது எவ்வளவு முக்கியம் என்பதை முதல் பொதுத்தேர்தலே காட்டியது. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயரைத் தராத சுமார் 28 லட்சம் பெண்கள் அப்போது பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். இன்றைய தொல்லை வேறு வகை: இணையத்தில் ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் தமிழ் வடிவம் தானாக வரும், ழகரமும் ளகரமும் லகரமாகிவிடும். அனுப்புமுன் தமிழ்ப் பெட்டியையும் படியுங்கள்.

படி 4: வரைவு, ஆட்சேபனை, இறுதிப் பட்டியல்
வரைவுப் பட்டியல் வெளியானதும் உரிமைகோரல், ஆட்சேபனைகளுக்கு அவகாசம் உண்டு. புதிதாகச் சேர படிவம் 6, நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7, வீடு மாறினாலோ பிழை திருத்தவோ படிவம் 8.

அதிகம் குழம்புவது வீடு மாறியவர்கள்தான். படிவம் 8-க்குப் பதில் 6 கொடுத்தால் பழைய இடத்திலும் பெயர் நிற்கும். படிவம் 6-இல் ‘வேறெங்கும் பெயர் இல்லை’ என்று தெரிந்தே பொய்யாக உறுதி அளித்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். இறந்தவர்களின் பெயர் நீடிப்பதற்குக் காரணம் எளிது: குடும்பத்தில் யாரும் படிவம் 7 தருவதில்லை.

படி 5: தொடர்ந்து பராமரிப்பது
இறுதிப் பட்டியல் வந்தபிறகும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்தால் சேர்ப்பும் நீக்கமும் நின்றுவிடும். ஆட்சேபனைக்கு 7 நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் கொடுத்த படிவம் அந்தத் தேர்தலுக்கு உதவாது. அடையாள அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது.

பதிவு அலுவலரின் உத்தரவு தவறென்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் சரியாகாவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.